உங்கள் கைப்பக்குவத்தை உங்கள் பெயரிலேயே விற்க: வேலூரில் சிறு உணவுத் தொழில் தொடங்குவோருக்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் வீட்டிலிருந்தே பொடி, ஊறுகாய், இனிப்பு, பலகாரம் என்று ஏதாவது செய்து விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வேர்க்கடலைப் பொடி செய்கிறேன். கேழ்வரகுக் களிக்கும் கம்மங்கூழுக்கும் தொட்டுக்கொள்ள எங்கள் அம்மா இடித்துத் தந்த பொடி. தொழில் தொடங்குகிறேன் என்றதும் சுற்றியிருந்தவர்கள் சொன்னதெல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. "ஆம்பூர் பிரியாணி மசாலான்னு போடும்மா, தானா போகும்." "மக்கன் பேடா செய், ஆற்காடுன்னா பேர் இருக்கு." நல்ல எண்ணத்தில் சொன்னார்கள். ஆனால் பதிவு, பெயர், லேபிள், வங்கி என்று அலைந்து முடித்தபோது எனக்குத் தெளிவானது இதுதான்: இரவல் பெயர், இரவல் கணக்கு, இரவல் வாசகம் எல்லாம் எங்காவது ஒரு இடத்தில் திரும்பி வந்துவிடும். சொந்தமாக இருப்பது சீக்கிரம் நகரும், செலவும் குறைவு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இங்கே சொல்லும் கட்டணங்களும் வரம்புகளும் நான் பதிந்த சமயத்தில் இருந்தவை. பணம் கட்டும் நாளில் அரசுத் தளம் காட்டும் தொகையையே கணக்கில் எடுங்கள்.

1. முதலில் பொருளை முடிவு செய்யுங்கள்

எது நன்றாக விற்கிறது என்று தெருவைப் பார்க்காதீர்கள். உறவுக்காரர்கள் உங்களிடம் எதைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள் என்று பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் என்றால் "அதை மட்டும் நீ செஞ்சு எடுத்துட்டு வந்துடு" என்று சொல்வார்கள் இல்லையா, அதுதான் உங்கள் பொருள்.

காரணம் எளிது. பக்கத்துக் கடைக்காரர் செய்வதையே நீங்களும் செய்தால், வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு விலை மட்டும்தான் மிஞ்சும். அவர் மிளகாயை மூட்டையில் எடுக்கிறார், நீங்கள் கிலோவில் எடுக்கிறீர்கள். விலையில் அவரை ஜெயிக்க முடியாது. அவர் செய்யாத ஒன்றை நீங்கள் செய்தால் அந்த ஒப்பீடே வராது.

மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. நம் பக்கம் வேர்க்கடலையும் கேழ்வரகும் விளையும் மண். ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை ஐப்பசி வாக்கில் வரும்போது விலை இறங்கும். அந்தச் சமயத்தில் நன்றாகக் காய்ந்த கடலையாகப் பார்த்து வாங்கி வைக்கலாம். ஈரக் கடலையை மட்டும் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்காதீர்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு உருவாகும், வறுத்தாலும் அது முழுக்கப் போகாது.

ஊரில் யார் வாங்குவார்கள் என்பதையும் யோசியுங்கள். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள், விஐடியில் படிக்கும் ஆந்திர, தெலங்கானப் பிள்ளைகள், சித்தூர் எல்லைப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள், நம் உள்ளூர் வீடுகள் என்று எல்லாம் கலந்த ஊர் இது. அவர்கள் அம்மா செய்வது போலச் செய்து கொடுக்க நம்மால் முடியாது. நம் அம்மா செய்தது பிடித்துப் போனால் வாங்குவார்கள்.

2. "ஒரு பிடி"யை கிராமாக மாற்றுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன்.

அம்மாவிடம் அளவு கேட்டால் "ஒரு பிடி மிளகாய், கண் அளவுக்கு உப்பு, வாசனை வர்ற வரைக்கும் வறு" என்பார். அது அவர் கைக்குச் சரி. கடையில் இரண்டாவது முறை வாங்குகிறவருக்கு முதல் பாக்கெட்டின் ருசியே வேண்டும். அதனால் ஒரு சின்ன மின்னணுத் தராசு வாங்கி அடுப்புப் பக்கம் வையுங்கள். அம்மா கையில் அள்ளியதும் சட்டியில் போடும் முன் தராசில் போடச் சொல்லுங்கள். மிளகாய் எத்தனை கிராம், பூண்டு எத்தனை கிராம், கல்லுப்பு எத்தனை கிராம் என்று நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் முடிவு கட்டாமல் சில தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். கை அளவு நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். தீ எவ்வளவு, எத்தனை நிமிடம், கடலை எந்த நிறம் வந்ததும் இறக்கினார் என்பதையும் எழுதுங்கள். ஆறவைக்கும் நேரம் முக்கியம். சூடு ஆறாமல் அரைத்தால் எண்ணெய் கக்கிக்கொண்டு பொடி கட்டியாகிவிடும்.

இந்தக் கட்டத்தில் வீடியோ பார்த்து "எல்லாரும் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறார்களே", "கடையில் இருப்பது இன்னும் சிவப்பாக இருக்கிறதே" என்று சபலம் வரும். சேர்க்காதீர்கள். நிறத்துக்கு எதையாவது கலந்தால் ருசி போவதோடு சட்டச் சிக்கலும் வரும்.

அப்புறம் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும். பாக்கெட் போட்டுச் சில பாக்கெட்டுகளை அலமாரியிலும், சிலவற்றைக் கடை வெயில் படும் இடத்தைப் போன்ற சூடான இடத்திலும் வையுங்கள். வாரம் ஒன்றாகப் பிரித்து முகர்ந்து, ருசித்து, தேதியோடு எழுதுங்கள். கடலைப் பொருளில் சிக்கு வாடைதான் முதல் எதிரி. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் தாங்கும் நாள் எத்தனையோ அதைத்தான் லேபிளில் போட வேண்டும். இன்னொருவர் பாக்கெட்டில் "6 மாதம்" என்று இருப்பதைப் பார்த்து நீங்களும் 6 மாதம் போட்டால், மூன்றாம் மாதம் கடைக்காரர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவார்.

தெரிந்தவர்களிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். பெயர் ஒட்டாத 50 கிராம் பாக்கெட்டைத் தெரியாதவர்கள் கைக்குப் போகும்படி செய்யுங்கள். காசு கொடுத்து இரண்டாவது பாக்கெட் கேட்கிறார்களா என்பதுதான் பதில்.

3. விலையை உங்கள் கணக்கில் போடுங்கள்

உதாரணத்துக்கு 100 கிராம் பாக்கெட்: பொருளுக்கு 22 ரூபாய், பை, லேபிளுக்கு 4, கேஸ், மின்சாரம், அரைவைக்கு 3, உங்கள் கூலிக்கு 6. ஆக 35 ரூபாய். கடைக்காரர் 25 சதவீதம் கேட்கிறார் என்று வையுங்கள். 60 ரூபாய் விலை போட்டால் அவருக்கு 15 போக உங்கள் கைக்கு 45 வரும். மிச்சம் 10. இதே பாக்கெட்டை "அவங்க 45க்குக் கொடுக்கிறாங்களே" என்று 45க்குப் போட்டால் கைக்கு வருவது 33 ரூபாய் 75 காசு, அதாவது நஷ்டம். உங்கள் கூலியை எழுதாமல் விட்டால் அந்த நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. வீட்டுப் பெண்கள் நிறைய பேர் விடுவது இந்த 6 ரூபாயைத்தான்.

4. பெயர்

ஊர்ப் பெயரையும் பொருளின் பெயரையும் மட்டும் சேர்த்து வைக்காதீர்கள். "ஆம்பூர் மசாலா", "வேலூர் பொடி" என்பவை யாருக்கும் தனி உரிமையாகக் கிடைப்பது கடினம். ஊரைக் குறிக்கும் சொல்லும் பொருளை விவரிக்கும் சொல்லும் வணிகச் சின்னச் (டிரேட்மார்க்) சட்டத்தின் 9ஆம் பிரிவில் தடைபடும். ஏற்கெனவே புகழ்பெற்ற கடையின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி வைத்தால் 11ஆம் பிரிவு வரும், கூடவே வக்கீல் நோட்டீஸும் வரலாம். சாமி பெயர்களில் ஏற்கெனவே கூட்டம் அதிகம்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்ற சட்டப் பாதுகாப்பு, பெற்றிருக்கிறது. அதன் பெயரைச் சொல்லி விற்க நினைத்தால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்திருக்க வேண்டும். அணைக்கட்டுப் பக்கம் அதைப் பயிரிடுகிற குடும்பமாக இருந்தால் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். உண்மையிலேயே உங்களுடையதாக இருக்கும் பெயரை ஏன் விட வேண்டும்?

பெயரை வெளியே தேட வேண்டாம். பாட்டியை ஊரில் எப்படிக் கூப்பிட்டார்கள், உங்கள் வீட்டை எப்படி அடையாளம் சொல்கிறார்கள், உங்கள் கொல்லையில் என்ன மரம் இருந்தது என்று பாருங்கள். நாலைந்து பெயர் எழுதிக்கொண்டு, வணிகச் சின்னப் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடுங்கள். எழுத்து ஒப்புமை, ஒலி ஒப்புமை என்று இரண்டு விதமாகவும் தேடலாம், இரண்டையும் செய்யுங்கள். ஆங்கில எழுத்தில் நம் பெயரைப் பல விதமாக எழுதுவார்கள், எல்லா விதத்தையும் போட்டுப் பாருங்கள்.

பதிவுக்கான விண்ணப்பம் டிஎம்-ஏ. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. வகுப்பு என்பது பொருள்களை வகை பிரித்துக் கொடுத்திருக்கும் எண், அதைக் கவனியுங்கள்: மசாலா, பொடி, இனிப்பு எல்லாம் 30, ஊறுகாயும் வறுத்த கடலையும் 29, உணவகம் 43. தேவையில்லாமல் மூன்று வகுப்பில் போடச் சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. அரசுக் கட்டண ரசீதைத் தனியாகவும் அவர் கூலிக்கான ரசீதைத் தனியாகவும் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பித்தவுடன் பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவு கிடைத்த பிறகுதான் போட வேண்டும், முன்பே போடுவது குற்றம். பதிவகம் அனுப்பும் பரிசோதனை அறிக்கையில் ஆட்சேபம் வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், அதனால் மின்னஞ்சலைத் தவறாமல் பாருங்கள். பிறகு பதிவகத்தின் இதழில் வெளியாகி 4 மாதம் யாரும் எதிர்க்காமல் இருக்க வேண்டும். தடையே இல்லாவிட்டாலும் ஓராண்டு அளவுக்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த பதிவு விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டு செல்லும்.

5. கோப்பு தயார் செய்யுங்கள், மாவட்டத்தைச் சரி பாருங்கள்

ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், செய்யும் இடத்தின் மின் கட்டண ரசீது, வாடகை வீடென்றால் ஒப்பந்தமும் உரிமையாளரின் ஒப்புதல் கடிதமும், வங்கிப் பாஸ்புத்தகம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து செல்போனிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். ஆதாரும் செல்போன் எண்ணும் இணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடிபி வராது. அது ஒன்றுக்கே ஒரு நாள் போய்விடும். பானிலும் ஆதாரிலும் இனிஷியல், எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல்: 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர், அரக்கோணம் எல்லாம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் வேலூரிலேயே இருக்கின்றன. பலருடைய ஆதாரில் இன்னும் பழைய மாவட்டம்தான் இருக்கிறது. விண்ணப்பத்தில் இப்போதைய மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். தவறினால் விண்ணப்பம் வேறு மாவட்ட அதிகாரிக்குப் போய், அங்கேயே கிடக்கும். முடிந்தால் ஆதாரில் முகவரியை முதலில் திருத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

6. இரண்டு பதிவுகள்: உணவுப் பாதுகாப்பு, உத்யம்

உணவுப் பாதுகாப்புத் துறையின் ஃபாஸ்காஸ் தளத்தில் அடிப்படைப் பதிவு செய்ய வேண்டும். நான் பதிந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். இதையே எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு என்பார்கள். "எஃப்எஸ்எஸ்ஏஐ எடுத்துத் தர்றேன், 3,000 கொடுங்க" என்று யாராவது கேட்டால் அதில் பெரும்பகுதி அவர் கூலி என்று புரிந்துகொள்ளுங்கள். இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே செய்யலாம்.

தொழில் வகை கேட்கும் இடத்தில் சில்லறை விற்பனை என்று போடாதீர்கள். நீங்கள் செய்கிறவர், உற்பத்தி என்பதைத் தேர்ந்தெடுங்கள். பொருளின் வகையையும் உங்கள் பொருளைப் பார்த்தே போடுங்கள். தெரிந்தவர் சான்றிதழைப் பார்த்து எழுதினால் அவர் ஊறுகாய்க்காரராக இருப்பார், உங்கள் பொடி அதில் அடங்காது. விண்ணப்பித்து 7 நாளுக்குள் பதிவு கிடைக்கும், அல்லது கேள்வியோ ஆய்வு அறிவிப்போ வரும். ஆய்வுக்கு வந்தால் தண்ணீர், குப்பைத் தொட்டி, எலி பல்லி வராத சேமிப்பு, தலைத்துணி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். செய்கிறவர்களுக்கு மருத்துவச் சான்றும் வாங்கி வையுங்கள். 14 இலக்கப் பதிவு எண் கிடைத்ததும், சான்றிதழில் காலாவதித் தேதி இருந்தால் அதைச் சமையலறைக் காலண்டரிலேயே குறித்துவிடுங்கள்.

உத்யம், அதாவது சிறு தொழில் என்று மத்திய அரசிடம் பதிவது, முற்றிலும் இலவசம். ஆதார், பான் இருந்தால் அரை மணி நேர வேலை. தேடினால் முதலில் வருவதெல்லாம் பணம் கேட்கும் தனியார் தளங்கள். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும், அதில் மட்டும் செய்யுங்கள். இந்த இரண்டு தாளும் இருந்தால் நடப்புக் கணக்கு திறப்பது சுலபம்.

ஜிஎஸ்டி பற்றிப் பயமுறுத்துவார்கள். பொருள் மட்டும் உள்மாநிலத்தில் விற்கிறவர்களுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்புவதாக இருந்தால் முதலில் ஒரு ஆடிட்டரிடம் கேளுங்கள். காட்பாடியைத் தாண்டினால் சித்தூர் என்பதால் நமக்கு இது சீக்கிரமே வரும் கேள்வி.

7. லேபிள்

இன்னொருவர் பாக்கெட்டை டிசைனரிடம் கொடுத்து "இதே மாதிரி" என்று சொல்லும் வழக்கம் நிறைய இருக்கிறது. பெரிய ஆபத்து. ஊட்டச்சத்து அட்டவணையில் இருக்கும் எண்கள் அந்தப் பொருளை ஆய்வகத்தில் சோதித்து வந்தவை, உங்கள் பொடிக்குப் பொருந்தாது. "சர்க்கரை குறையும்", "மூட்டு வலி தீரும்" என்று அவர் போட்டிருந்தால் அதுவும் சட்டப்படி தவறு, நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள்.

இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், எடை அதிகம் உள்ளதிலிருந்து குறைவானது வரை சேர்மானப் பட்டியல், சைவக் குறி, நிகர எடை, அனைத்து வரியும் உட்பட அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி (பேட்ச்) எண், செய்தவரின் பெயரும் முழு முகவரியும், வாடிக்கையாளர் தொடர்பு எண், 14 இலக்க எண். வேர்க்கடலை ஒவ்வாமை தரும் பொருள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாக்கெட் போடுகிறவராக எடையளவுத் துறையிலும் பதிய வேண்டும். கட்டணம் 500 ரூபாய், பாக்கெட் போடத் தொடங்கி 90 நாளுக்குள். தராசுக்கு முத்திரை வாங்குவதும் அவர்களிடம்தான்.

முதல் தடவையே பெயர் அச்சிட்ட பை வேண்டாம். ஆயிரக்கணக்கில் அடிக்கச் சொல்வார்கள், பிறகு விலையோ முகவரியோ மாறினால் அத்தனையும் வீண். சாதாரணப் பையும் ஸ்டிக்கரும் போதும். கையால் அழுத்தும் சீலிங் மெஷின் 2,000 ரூபாய் அளவில் கிடைக்கும்.

8. கடனும் மானியமும்

மாவட்டத் தொழில் மையத்தில் கேட்க வேண்டிய திட்டங்கள் இரண்டு. ஒன்று, உணவுக் குறுநிறுவனங்களுக்கான பிரதமர் திட்டம்: திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம். இன்னொன்று, தமிழக அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டம்: 15 லட்சம் வரையான திட்டத்துக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம், எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இவை இன்னும் நடப்பில் இருக்கின்றனவா, இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மானியம் கையில் பணமாக வராது. வங்கியிலேயே நிறுத்தி வைத்து, ஒழுங்காகத் தவணை கட்டி வந்தால் பின்னால் கடனில் கழிப்பார்கள். கடன் ஒப்புதல் வரும் வரை மெஷினுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், விலைப்புள்ளி மட்டும் ஜிஎஸ்டி எண்ணோடு வாங்கி வையுங்கள்.

திட்ட அறிக்கையை ரெடிமேடாக விற்கிறார்கள். வேறு ஊர் பேக்கரிக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். வங்கி மேலாளர் "மாதம் எத்தனை கிலோ அரைப்பீங்க, கடலை எங்கே எடுக்கிறீங்க?" என்று இரண்டு கேள்வி கேட்டாலே அது வெளுத்துவிடும். 3ஆம் படியில் போட்ட உங்கள் கணக்கு, எடை எழுதிய நோட்டு, விற்ற பில்கள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். உங்கள் பொருளைப் பற்றி நீங்களே பேசும்போது தயக்கம் இருக்காது. என் அனுபவத்தில் வங்கியில் அதிகம் எடுபட்டது அந்த எடை நோட்டுதான்.

9. கடைக்குக் கொடுக்கும்போது

முதலில் ஐந்தாறு கடை போதும். நடந்தோ ஸ்கூட்டியிலோ வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கக்கூடிய கடைகளாக இருக்கட்டும். விற்ற பிறகு பணம் என்பார்கள். சரி என்று ஒப்புக்கொள்ளலாம், ஆனால் எத்தனை பாக்கெட், எந்தத் தொகுதி, எப்போது பணம் என்பதை டெலிவரி சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காலாவதிக்கு மூன்று வாரம் முன்பே பழைய பாக்கெட்டை நீங்களே எடுத்துவிட்டுப் புதியது வையுங்கள். சூப்பர் மார்க்கெட் பார்கோடு கேட்டால், பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் உங்கள் பெயரில் வாங்குங்கள், இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் இரவல் எண் வேண்டாம்.

உங்கள் பொருள் ஓடத் தொடங்கினால் அதையே பார்த்து இன்னொருவர் செய்வார். அப்போது உங்களைக் காப்பது, அந்தப் பெயரில் நீங்கள்தான் முதலில் விற்றீர்கள் என்பதற்கான தாள்கள். பதிவு இன்னும் வராவிட்டாலும் முந்தைய பயன்பாட்டுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. டிஎம்-ஏ விண்ணப்பத்தில் எந்தத் தேதியிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பார்கள், அதற்கும் இதே ஆதாரம்தான் வேண்டும், பொய்த் தேதி போடாதீர்கள். பெயர் அச்சிட்ட முதல் பில், முதல் டெலிவரி சீட்டு, ஸ்டிக்கர் அடித்த அச்சகத்தின் ரசீது, கடை அலமாரியில் பாக்கெட் இருக்கும் புகைப்படம் ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். மெஷினில் அடித்த ரசீதாக இருந்தால் சில மாதத்தில் எழுத்து மங்கிப் போகும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.